ஜியோகேச்சை மாவட்ட வாரியா பிரிக்கும்போது தப்பா வருதா? புள்ளி எங்க போய் விழுந்துச்சுன்னு பாத்து சரி பண்ணலாம்

ஜியோகேச்சிங்னா யாரோ ஒளிச்சு வச்ச டப்பாவை, அதாவது கேச்சை, ஜிபிஎஸ் வச்சு தேடுற விளையாட்டு. ஜியோகேச்சிங் தளத்துலேர்ந்து கேச் பட்டியலை மொத்தமா எறக்குறதுக்கு பேர் பாக்கெட் க்வெரி. பாக்கெட் க்வெரில வர்ற ஜிபிஎக்ஸ் ஃபைல்ல ஒவ்வொரு கேச்சுக்கும் நாடு இருக்கும், மாநிலம் இருக்கும், மாவட்டம் இருக்காது. அமெரிக்காவுல கேச் தேடுற நம்ம ஆளுங்களுக்கும் இதே கதைதான், அங்க மாவட்டம் மாதிரி இருக்குற கவுண்ட்டி இருக்காது. அதனால எந்த கேச் எந்த மாவட்டம்னு தெரியணும்னா நாமளே மேப் சாஃப்ட்வேர்ல கேச் புள்ளிகளை ஒரு லேயரா போட்டு, மாவட்ட எல்லையை இன்னொரு லேயரா போட்டு, எந்த புள்ளி எந்த எல்லைக்குள்ள விழுதுன்னு கேக்கணும். க்யூஜிஐஎஸ் இதுக்கு இலவசமா கிடைக்குது, அதுல 'ஜாயின் ஆட்ரிப்யூட்ஸ் பை லொக்கேஷன்'னு ஒரு டூல் இருக்கு, வேலை அவ்ளோதான். ஆனா முதல் தடவை ஓட்டுற பாதி பேருக்கு ரிசல்ட் கோணல்மாணலா வருது, உடனே சாஃப்ட்வேர் சரியில்லன்னு மூடிட்டு போயிடுறாங்க. அது எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கு, ஏன்னா சாஃப்ட்வேர் இதுல தப்பு பண்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். தப்பு ஒண்ணு நாம குடுத்த கோஆர்டினேட்ல இருக்கும், இல்ல நாம எறக்குன எல்லை ஃபைல்ல இருக்கும். எதுலன்னு கண்டுபிடிக்க பெரிய படிப்பெல்லாம் வேணாம், புள்ளி எங்க போய் விழுந்துருக்குன்னு ஜூம் அவுட் பண்ணி பாருங்க, அந்த இடமே காரணத்தை சொல்லிடும்.

கீழ ஒவ்வொண்ணா போறேன். உங்களுக்கு எது நடக்குதோ அங்க நேரா போயிடுங்க.

புள்ளியெல்லாம் ஆர்க்டிக் கடல்ல நிக்குது

சென்னை 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. இதை திருப்பி போட்டா 80.27 வடக்கு, 13.08 கிழக்கு. அது ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கால ஐஸ் கடல். உங்க புள்ளி அங்க இருந்தா அட்சமும் தீர்க்கமும் இடம் மாறிடுச்சுன்னு கண்ணை மூடிட்டு சொல்லலாம். எக்செல் ஷீட்லேர்ந்து சிஎஸ்வி-யா ஏத்துறவங்களுக்குதான் இது அதிகம் வரும், ஏன்னா நாம வாயால சொல்லும்போது அட்சத்தை முதல்ல சொல்றோம், க்யூஜிஐஎஸ்-ல எக்ஸ் ஃபீல்டுன்னு கேக்குறது தீர்க்கத்தை, ஒய் ஃபீல்டு அட்சம். டிலிமிட்டட் டெக்ஸ்ட் விண்டோவுல ரெண்டையும் மாத்தி தேர்ந்தெடுத்தா முடிஞ்சுது.

ஜியோஜேசன் ஃபைலை (புள்ளி, எல்லையை டெக்ஸ்ட்டா எழுதி வைக்குற ஃபைல் வகை) கையால எழுதுறவங்களும் இதை கவனிங்க, அதுல தீர்க்கம் முதல்ல, அட்சம் ரெண்டாவது. கேச் பட்டியலை பராமரிக்கிற ஜிசாக் சாஃப்ட்வேரோட பாலிகன் ஃபைலுக்கு (பாலிகன்னா மூடின எல்லை வடிவம்) நேர் எதிர், வரிக்கு ஒரு புள்ளி, அட்சம் முதல்ல. ஒரு ஜியோஜேசன்லேர்ந்து எல்லையை எடுத்து ஜிசாக்-ல ஒட்டுறீங்கன்னா வரிசையை மாத்தாம ஒட்டாதீங்க, ஃபில்டர் ஒரு கேச்சைக்கூட காட்டாது, எர்ரரும் சொல்லாது.

புள்ளியெல்லாம் ஆப்பிரிக்கா பக்கம் கடல்ல, இல்ல மாலத்தீவு பக்கம் ஒரே இடத்துல குமிஞ்சு கிடக்குது

இது ரெண்டும் ஒரே வியாதி. உங்க எண்கள் டிகிரில இருக்கு, ஆனா லேயர்கிட்ட இது மீட்டர்னு சொல்லிருக்கீங்க. வெப் மெர்கேட்டர்னு, அதாவது இபிஎஸ்ஜி 3857-னு (இபிஎஸ்ஜிங்கறது ஒவ்வொரு கோஆர்டினேட் முறைக்கும் இருக்குற நம்பர்) போட்டிருந்தா, பூஜ்யம் பூஜ்யத்துலேர்ந்து 80 மீட்டர் கிழக்கு, 13 மீட்டர் வடக்குன்னு சாஃப்ட்வேர் எடுத்துக்கும், அது மேற்கு ஆப்பிரிக்காவுக்கு கீழ கினி வளைகுடா. யூடிஎம் 44 வடக்குன்னு (பூமியை மண்டலமா பிரிச்சு மீட்டர்ல அளக்குற முறை), அதாவது இபிஎஸ்ஜி 32644-னு போட்டிருந்தா புள்ளியெல்லாம் பூமத்திய ரேகை மேல 76.5 டிகிரி கிழக்குல, தென் மாலத்தீவுக்கு கிழக்கால நடுக்கடல்ல போய் உக்காந்துடும். சென்னையில இருக்குற கேச்சும் மதுரையில இருக்குற கேச்சும் சில மீட்டர் இடைவெளியில ஒட்டிக்கிட்டு நிக்கிறத பாத்தா குழம்பாதீங்க, காரணம் இதான்.

சரி பண்றது: லேயரை ரைட் கிளிக் பண்ணி 'செட் லேயர் சிஆர்எஸ்' (சிஆர்எஸ்னா கோஆர்டினேட் முறை) போய் இபிஎஸ்ஜி 4326 குடுங்க. ஜியோகேச்சிங்ல எல்லாமே ஜிபிஎஸ் எடுத்துக்குற டபிள்யூஜிஎஸ் 84 முறைதான், அதுக்கான நம்பர் இது.

இங்க ஒரு விஷயத்தை நல்லா அழுத்தி சொல்லணும். 'செட் லேயர் சிஆர்எஸ்' வேற, 'ரீப்ரொஜெக்ட் லேயர்' வேற. முதலாவது டப்பா மேல இருக்குற லேபிளை மாத்துறது, உள்ள இருக்குற எண்ணை தொடாது. ரெண்டாவது உள்ள இருக்குற எண்ணையே கணக்கு போட்டு மாத்தி புது லேயர் குடுக்கும். லேபிள் தப்பா இருந்தா லேபிளை மாத்துங்க. லேபிள் சரியா இருந்து உங்களுக்கு மீட்டர்ல வேணும்னா ரீப்ரொஜெக்ட் பண்ணுங்க. தப்பு லேபிளோட ரீப்ரொஜெக்ட் பண்ணா தப்பு எண்கள் நிரந்தரமா ஃபைல்ல பதிஞ்சுடும், அதுக்கப்புறம் யார் கைக்கு அந்த ஃபைல் போனாலும் அவங்களும் சேந்து அவஸ்தைப்படுவாங்க.

புள்ளி சென்னையிலதான் இருக்கு, ஆனா எல்லாம் மேற்கால தள்ளி இருக்கு

இதுதான் ரொம்ப ஆபத்தானது, ஏன்னா பாக்குறதுக்கு சரியா இருக்குற மாதிரியே இருக்கும். கேச் பேஜ்ல கோஆர்டினேட் டிகிரி, தசம நிமிஷத்துல இருக்கும். உதாரணத்துக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் ஒரு இடம்னா வடக்கு 13° 04.960, கிழக்கு 80° 16.250. இதை ஷீட்ல ஏத்தும்போது நிறைய பேர் 13.04960, 80.16250-னு டைப் பண்ணிடுறாங்க. ஆனா 4.960-ங்கறது நிமிஷம், அதை 60-ஆல வகுத்துதான் சேக்கணும், சரியான எண் 13.08267, 80.27083. தப்பா போட்டா புள்ளி போரூர், ஆலப்பாக்கம் பக்கம் போய் விழும், கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் தள்ளி. இதுல என்ன கொடுமைன்னா ஆலப்பாக்கமும் இப்ப சென்னை மாவட்டம்தான், அதனால டேபிள்ல மாவட்ட காலத்துல (காலம்னா இங்க நெடுவரிசை, column) சென்னைன்னு சரியா வந்து நிக்கும், நீங்களும் எல்லாம் ஓகேன்னு நம்பிடுவீங்க. அதே தப்பை அடையாறு கேச்சுக்கு பண்ணா, 13° 00.400, 80° 15.440-ங்கறது ஏர்போர்ட்டை தாண்டி மேற்கால போயிடும், அப்பதான் மாவட்டம் மாறி பல்லிளிக்கும்.

கண்டுபிடிக்க சுலபமான வழி ஒண்ணு இருக்கு. அட்ரிப்யூட் டேபிளை திறந்து புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்களை பாருங்க. நிமிஷம் அறுபதை தாண்டாது, அதனால இந்த தப்பு நடந்த ஷீட்ல .60-க்கு மேல எந்த எண்ணும் இருக்காது. நிறைய கேச் இருந்தும் .60-லேர்ந்து .99 வரைக்கும் ஒண்ணுகூட இல்லன்னா சந்தேகமே வேணாம். ஃபீல்டு கால்குலேட்டர்ல முழு எண்ணை தனியா எடுத்து, மிச்சத்தை நூறால பெருக்கி அறுபதால வகுத்து சேத்தா சரியாயிடும். எல்லா எண்ணும் இதே முறையில டைப் ஆகியிருந்தாதான் இது செல்லும். ஒருத்தர் 04.960-ங்கறதை 4.960-னு எழுதி 13.4960 ஆக்கியிருந்தார்னா அதை கையாலதான் பாக்கணும். எனக்கு கேட்டா, ஜிபிஎக்ஸ் ஃபைல் கிடைக்கும்போது கையால டைப்பே பண்ணாதீங்க, ஜிபிஎக்ஸ்-ல எண்கள் தசம டிகிரியிலேயே வந்துடும்.

எல்லாம் ஒரே அளவுக்கு, கொஞ்சம் மட்டும், தள்ளி இருக்கு

கிலோமீட்டர் கணக்கா இல்லாம, நூறு மீட்டர் தாண்டி ஒரே திசையில எல்லாமே நகந்திருந்தா அது டேட்டம் பிரச்சனை, அதாவது கோஆர்டினேட்டுக்கு அடிப்படையா எடுத்துக்கிட்ட பூமி வடிவத்துல வர்ற பிரச்சனை. பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போஷீட்டை ஸ்கேன் பண்ணி யாரோ எல்லையை வரைஞ்சிருப்பாங்க, அந்த ஷீட் எவரெஸ்ட் நீள்கோளத்தை வச்சு போட்டது, அதை டபிள்யூஜிஎஸ் 84-னு லேபிள் ஒட்டி விட்டிருப்பாங்க. நம்ம ஊருக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் உண்டு, வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலை பக்கம் அடிக்கோடு அளக்க ஆரம்பிச்சதுலேர்ந்து வளந்த சர்வேயோட வாரிசுதான் அந்த டோப்போஷீட்டெல்லாம். அந்த அளவு தப்பில்ல, அவங்க எடுத்துக்கிட்ட பூமியோட வடிவம் வேற, ஜிபிஎஸ் எடுத்துக்குற வடிவம் வேற. மூல ஷீட்டோட டேட்டம் என்னன்னு தெரிஞ்சா அந்த சிஆர்எஸ்-ஐ லேபிளா குடுத்துட்டு 4326-க்கு ரீப்ரொஜெக்ட் பண்ணுங்க. தெரியலன்னா அந்த எல்லை ஃபைலை விட்டுடுங்க, வேற நல்லது கிடைக்கும்.

புள்ளி சரியான இடத்துல இருக்கு, ஆனா மாமல்லபுரம் கேச்சுக்கு காஞ்சிபுரம்னு வருது

சென்னைக்காரங்களுக்கு அதிகமா வர்ற பிரச்சனை இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். உங்க புள்ளியில ஒரு தப்பும் இல்ல. எல்லை ஃபைல் பழசு.

நம்ம சுத்துவட்டாரத்துல எல்லைக்கோடு நிறைய தடவை நகந்திருக்கு. 1997-ல செங்கல்பட்டு மாவட்டத்தை காஞ்சிபுரம், திருவள்ளூர்னு ரெண்டா பிரிச்சாங்க. 2011-ல சென்னை மாநகராட்சி பெருசாச்சு, ஆனா வருவாய் மாவட்டம் அப்ப மாறல, அது 2018-லதான் மாநகராட்சி எல்லைக்கு ஈடா 178 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 426 சதுர கிலோமீட்டரா விரிஞ்சுது. அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் எல்லாம் திருவள்ளூர்லேர்ந்தும், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் எல்லாம் காஞ்சிபுரத்துலேர்ந்தும் சென்னைக்கு வந்தது அப்பதான். அப்புறம் 2019 நவம்பர் 29-ல காஞ்சிபுரத்தை பிரிச்சு செங்கல்பட்டை தனி மாவட்டம் ஆக்குனாங்க. மாமல்லபுரம், கோவளம், தாம்பரம், வண்டலூர், வேடந்தாங்கல்னு வார இறுதில கேச் தேட நாம போற பாதி இடம் இப்ப செங்கல்பட்டு.

இணையத்துல தேடுனா முதல்ல கைக்கு கிடைக்குறது 2011 மக்கள்தொகை கணக்கெடுப்பு எல்லைதான். அதுல தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம் இருக்கும். இன்னிக்கு 38. முதல்ல டேபிளை திறந்து எண்ணுங்க, 32 வந்தா அந்த ஃபைலை கேச் பிரிக்க வச்சுக்காதீங்க. 37 வந்தா மயிலாடுதுறை பிரிஞ்ச 2020 டிசம்பருக்கு முந்தினது, சென்னை சுத்துவட்டாரத்துக்கு அது போதும், டெல்டா பக்கம் போறவங்களுக்கு போதாது. அரக்கோணம் வரைக்கும் ட்ரெய்ன்ல போய் தேடுறவங்க ஞாபகம் வச்சுக்கோங்க, அது 2019-லேர்ந்து ராணிப்பேட்டை, வேலூர் இல்ல.

எண்ணிக்கையை மட்டும் நம்பாம இன்னொரு சோதனையும் பண்ணிடுங்க, இதை எந்த புது எல்லை ஃபைல் வந்தாலும் பண்றது என் பழக்கம். நல்லா தெரிஞ்ச சில இடங்களை புள்ளியா வச்சு ஒரு குட்டி லேயர் வச்சுக்கோங்க: சோழிங்கநல்லூர் சிக்னல், அம்பத்தூர் ஸ்டேஷன், மாமல்லபுரம் கடற்கரை கோவில், தாம்பரம் ஸ்டேஷன், ஆவடி ஸ்டேஷன், குன்றத்தூர் முருகன் கோவில். இன்னிய எல்லைப்படி வரிசையா சென்னை, சென்னை, செங்கல்பட்டு, செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம்னு வரணும். சோழிங்கநல்லூரும் மாமல்லபுரமும் ரெண்டுமே காஞ்சிபுரம்னு வந்தா ஃபைல் 2018-க்கு முந்தினது. சோழிங்கநல்லூர் சென்னைன்னும் மாமல்லபுரம் காஞ்சிபுரம்னும் வந்தா நடுவுல இருந்த அந்த ரெண்டு வருஷத்து ஃபைல். தாம்பரம், ஆவடி ரெண்டுமே சென்னைன்னு வந்தா நீங்க எடுத்தது மாவட்டமே இல்ல, பெருநகர வளர்ச்சி குழுமத்தோட திட்டப் பகுதி, அதோட பழைய எல்லையே 1189 சதுர கிலோமீட்டர். போலீஸ் கமிஷனரேட் எல்லைன்னு இன்னொண்ணும் சுத்துது. 'சென்னை'ன்னு பேர் போட்ட ஃபைல் எல்லாம் சென்னை மாவட்டம் கிடையாது.

அப்ப 2016-ல மாமல்லபுரத்துல கண்டுபிடிச்ச கேச்சை எந்த மாவட்டத்துல சேக்குறதுன்னு கேப்பீங்க. என் கருத்து, எல்லாத்தையும் இன்னிய எல்லைலதான் எண்ணணும். கேச் இருக்குற இடம் மாறல, நாம பாக்குற மேப் ஒண்ணா இருந்தாதான் ஒருத்தர் கணக்கை இன்னொருத்தர் கணக்கோட ஒப்பிட முடியும். எல்லை ஃபைலோட வருஷத்தை ஃபைல் பேர்லயே எழுதி வைங்க. சேலஞ்ச் கேச்சுக்காக (ஒரு இலக்கை முடிச்சாதான் கணக்குல வர்ற கேச்) எண்ணுறீங்கன்னா மட்டும் அதை வச்சவர் பேஜ்ல என்ன எழுதியிருக்காரோ அதுதான் சட்டம்.

மாவட்டம் கேட்டா தாலுகா வருது

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கற இலவச மேப்லேர்ந்து எல்லை எறக்குறவங்களுக்கு வரும். அதுல ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு நிர்வாக மட்ட எண் உண்டு, அமெரிக்க கவுண்ட்டிக்கு 6. அமெரிக்காக்காரங்க எழுதுன வழிமுறையை அப்படியே பாத்து இந்தியாவுக்கும் 6 போட்டா தாலுகா வந்து நிக்கும், இங்க மாவட்டத்துக்கு 5, மாநிலத்துக்கு 4. எண்ணை மாத்தி மறுபடி எறக்குங்க.

மாவட்ட காலம் மொத்தமும் காலியா வருது

மேப்ல பாத்தா புள்ளி எல்லைக்குள்ளதான் இருக்கு, ஜாயின் பண்ணா எல்லா வரியும் நல் (NULL), அதாவது காலி. இதுக்கு நான் பாத்த வரைக்கும் முக்கிய காரணம், உங்க எல்லை லேயர் பாலிகனே இல்ல, வெறும் கோடு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டேட்டாவை எறக்குற ஓவர்பாஸ்லேர்ந்து எறக்கும்போது எல்லை உறவு (ரிலேஷன், எல்லை துண்டுகளை ஒண்ணா சேத்து வச்ச பதிவு) முழுசா வராம அதோட வழிகள் (வே, துண்டு கோடுகள்) மட்டும் தனித்தனியா வந்தா அது லைன் லேயரா உக்காரும், கோட்டுக்கு உள்பக்கம்னு ஒண்ணு கிடையாது, அதனால எந்த புள்ளியும் அதுக்குள்ள விழாது. லேயர் பேனல்ல பேர் பக்கத்துல இருக்குற சின்ன படத்தை பாருங்க, கோடா இருந்தா இதான். 'பாலிகனைஸ்' டூல் போட்டு மூடலாம், ஆனா அப்படி மூடுனா மாவட்ட பேர் பெரும்பாலும் ஒட்டாது, அதனால உறவை முழு வடிவத்தோட மறுபடி எறக்குறதுதான் நல்லது.

பாலிகனாவே இருந்தும் காலின்னா, டூல்ல மேல குடுக்க வேண்டியது கேச் லேயர், ஒப்பிட வேண்டியது மாவட்ட லேயர், 'இன்டர்செக்ட்' இல்ல 'ஆர் விதின்' டிக் ஆகியிருக்கணும். 'கன்டெய்ன்' டிக் பண்ணிட்டு காத்திருந்தா ஒண்ணும் வராது, புள்ளி மாவட்டத்தை அடக்காது. ஷேப்ஃபைலை (எல்லை ஃபைல்ல ஒரு வகை) ஜிப் பிரிக்கும்போது சிஆர்எஸ் விவரம் இருக்குற பிஆர்ஜே ஃபைல் விடுபட்டு போச்சான்னும் பாருங்க, அது இல்லன்னா லேயர் பேர் பக்கத்துல ஒரு கேள்விக்குறி நிக்கும்.

டூல் பாதியிலயே நின்னு இன்வாலிட் ஜியாமெட்ரின்னு சிவப்புல கத்துனா 'ஃபிக்ஸ் ஜியாமெட்ரீஸ்' ஓட்டி அந்த ரிசல்ட்டை வச்சு ஜாயின் பண்ணுங்க. எல்லைக்கோடு எங்கயோ தன்னைத்தானே வெட்டிக்குது, அவ்ளோதான் விஷயம்.

பீச் கேச் மட்டும் காலி

மெரினா, பெசன்ட் நகர், கோவளம், பழவேற்காடுன்னு கரையோரம் இருக்குறதுக்கு மட்டும் மாவட்டம் வரலன்னா, எல்லை ஃபைல்ல கரைக்கோட்டை எளிமையாக்கி வரைஞ்சிருக்காங்க. ஃபைல் சைஸ் சின்னதா இருந்தா பெரும்பாலும் இப்படித்தான், மணல் முழுக்க கடல்னு ஆயிடும். 'ஜாயின் ஆட்ரிப்யூட்ஸ் பை நியரஸ்ட்' போட்டு அதிகபட்ச தூரம் குடுத்துடுங்க, 500 மீட்டர் போதும். ஆனா தூரம் லேயரோட அலகுல எடுத்துக்கும், டிகிரி லேயர்ல 500-னு போட்டா அது 500 டிகிரி, உலகத்துல இருக்குற எல்லா புள்ளிக்கும் ஏதோ ஒரு மாவட்டம் ஒட்டிக்கும். ரெண்டு லேயரையும் முதல்ல 32644-க்கு ரீப்ரொஜெக்ட் பண்ணிட்டு ஓட்டுங்க. சென்னை 78-க்கும் 84-க்கும் நடுவுல இருக்குறதால யூடிஎம் 44-தான் நமக்கு.

எல்லையிலேர்ந்து 100 மீட்டருக்குள்ள இருக்குற கேச்சை தனியா பாக்க பஃபர் (சுத்தி குறிப்பிட்ட தூரத்துக்கு வரையுற வளையம்) போடுறவங்களுக்கும் இதே எச்சரிக்கை. ஊரையே முழுங்குற வட்டம் வந்தா அலகு டிகிரின்னு அர்த்தம், ஒரு டிகிரி கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர்.

பாண்டிச்சேரி போன கேச் காலி, ஸ்ரீஹரிகோட்டா பக்கம் காலி

ஈசிஆர்ல கீழ போனா புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம், தமிழ்நாட்டு ஃபைல்ல அது வராது, அதுவும் ஒரே துண்டா இல்லாம நம்ம மாவட்டங்களுக்கு நடுவுல சிதறி கிடக்குது, காரைக்கால் இன்னொரு பக்கம். ஒரு ரோட்டுல போகும்போதே உள்ள வெளியன்னு மாறும். அதனால காலியா வர்றது பிழை இல்ல, அந்த ஃபைலையும் சேத்து 'மெர்ஜ்' பண்ணிக்கோங்க. வடக்கால ஆரம்பாக்கம் தாண்டுனா ஆந்திரா, அங்க 2022 ஏப்ரல் 4-ல 13 மாவட்டம் 26 ஆச்சு, முன்ன நெல்லூர்ல இருந்த அந்த பகுதி இப்ப திருப்பதி மாவட்டம். அங்கயும் ஃபைலோட வருஷத்தை பாக்கணும்.

கேச் எண்ணிக்கை ஏறிடுச்சு

எறக்குனதை விட ரிசல்ட்ல அதிகம் வந்தா கோட் காலத்தை பாருங்க. ஜிசின்னு ஆரம்பிக்காத கோட் இருந்தா பாக்கெட் க்வெரி ஜிப்ல கூட வந்த ரெண்டாவது ஃபைலையும் ஏத்திட்டீங்க, அது பார்க்கிங், ஸ்டேஜ் மாதிரி துணைப் புள்ளிகள். அதை எடுத்துடுங்க. ஜிபிஎக்ஸ் ஏத்தும்போது லேயர் லிஸ்ட் கேட்டா வேபாயிண்ட்ஸ் மட்டும் டிக் பண்ணா போதும், ட்ராக், ரூட் எல்லாம் வேணாம்.

ஒரே ஜிசி கோட் ரெண்டு தடவை ரெண்டு மாவட்டத்தோட வந்தா, பக்கத்து பக்கத்து மாவட்ட பாலிகன் லேசா ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு. டூல்ல 'முதல்ல பொருந்துறதை மட்டும் எடு'ங்கற ஒண்ணுக்கு ஒண்ணு ஆப்ஷன் இருக்கு, எண்ணிக்கை சரியாயிடும். ஆனா எது முதல்ல வருதோ அதை கண்ணை மூடிட்டு எடுக்கும், அதனால நான் முதல்ல எல்லாத்தையும் வரவச்சு, ரெண்டு தடவை வந்ததை தனியா பாத்து முடிவு பண்றதைத்தான் சொல்வேன். கம்மியா வந்தா, 'சேராத வரிகளை விட்டுடு' டிக் ஆகியிருக்கும், எடுங்க. சரியா 1000-ல நின்னா அது பாக்கெட் க்வெரியோட உச்ச வரம்பு, கேச் வைக்கப்பட்ட தேதி வாரியா ரெண்டு மூணு க்வெரியா பிரிச்சு எறக்குங்க.

கண்டுபிடிச்சதை மட்டும் எண்ணணும்னா சிம்பல் காலத்துல 'ஜியோகேச் ஃபவுண்ட்'னு இருக்குறதை வடிகட்டுங்க. நேம் காலத்துல கோட் மட்டும்தான் இருக்கும், கேச் பேர் டெஸ்க் காலத்துல இருக்கும், பேரை காணோம்னு தேடாதீங்க.

ஒரு மிஸ்டரி கேச் மட்டும் அடம் பிடிக்குது

மிஸ்டரி கேச்ல பேஜ்ல போட்டிருக்குற இடம் நிஜ இடம் இல்ல, நிஜ டப்பா சுமார் 3 கிலோமீட்டர் வரைக்கும் தள்ளி இருக்கலாம். பல்லாவரம், தாம்பரம் மாதிரி எல்லை ஓரத்துல இந்த தூரம் மாவட்டத்தையே மாத்திடும். புதிரை அவிழ்த்து கோஆர்டினேட்டை தளத்துல திருத்தி வச்சிருந்தா பாக்கெட் க்வெரி திருத்துன எண்ணைத்தான் குடுக்கும், அதனால உங்க ஃபைல்ல செங்கல்பட்டு, நண்பர் ஃபைல்ல சென்னைன்னு வர்றது சாத்தியம். மாவட்ட கணக்குக்கு பேஜ்ல போட்ட ஒரிஜினல் இடத்தை எடுத்துக்கறதுதான் நியாயம்னு நான் நினைக்கிறேன், இல்லன்னா பொதுவுல மாவட்ட பேரை போட்டு புதிரோட விடையை பாதி சொன்ன மாதிரி ஆயிடும், அது அந்த கேச்சை மெனக்கெட்டு வச்சவருக்கு பண்ற அநியாயம்.

அமெரிக்காவுல இருக்குறவங்களுக்கு: கவுண்ட்டி பேர் குழம்புது, கோட் பொருந்தல

சான்ஹோசே பக்கம் இருக்குற நம்ம பசங்க கலிஃபோர்னியாவோட 58 கவுண்ட்டியையும் முடிக்கணும்னு இறங்குறாங்க, அவங்களுக்கு எல்லை ஃபைல் சென்சஸ் பீரோவே இலவசமா குடுக்குது. கவுண்ட்டி பேரை வச்சு எண்ணாதீங்க, வாஷிங்டன் கவுண்ட்டின்னு மட்டும் முப்பது மாநிலத்துல இருக்கு. ஒவ்வொரு கவுண்ட்டிக்கும் தனியா இருக்குற அஞ்சு இலக்க ஃபிப்ஸ் கோடை வச்சு எண்ணுங்க. அந்த கோடை எக்செல்ல திறந்தா முன்னாடி இருக்குற பூஜ்யம் பறந்துடும், லாஸ் ஏஞ்சலிஸ் 06037-ங்கறது 6037 ஆயிடும், சான்டா கிளாரா 06085-ங்கறது 6085 ஆயிடும், அப்புறம் ஜாயின் எதுவும் பொருந்தாது. அந்த காலத்தை டெக்ஸ்ட்னு சொல்லிட்டு இம்போர்ட் பண்ணுங்க, ஏற்கனவே பறந்திருந்தா க்யூஜிஐஎஸ் ஃபீல்டு கால்குலேட்டர்ல எல்பேட் ஃபங்ஷன் போட்டு அஞ்சு இலக்கத்துக்கு பூஜ்யத்தை நிரப்பிக்கலாம்.

கடலோர, தீவு கேச் காலியா வந்தா ஒண்ணுக்கு 20 மில்லியன்ங்கற மேப் அளவுல எளிமையாக்குன ஃபைல் எடுத்திருப்பீங்க, அதுக்கு பதிலா சென்சஸ் பீரோவோட டைகர் லைன் ஃபைல் எடுங்க, அது தண்ணிக்குள்ளயும் போகும். கனெக்டிகட்ல மட்டும் பழைய எட்டு கவுண்ட்டி பேர் ஒண்ணுமே வரலன்னா பயப்படாதீங்க, 2022-லேர்ந்து சென்சஸ் பீரோ அங்க கவுண்ட்டிக்கு பதிலா ஒம்பது திட்டமிடல் பகுதிகளை வச்சு ஃபைல் வெளியிடுது, கோடும் மாறிடுச்சு. பழைய கவுண்ட்டி வேணும்னா 2021 வருஷத்து ஃபைலை எறக்கி அந்த ஒரு மாநிலத்தை மட்டும் அதுலேர்ந்து எடுத்து மெர்ஜ் பண்ணிடுங்க. கடைசியா சேவ் பண்ணும்போது ஷேப்ஃபைலா பண்ணாம ஜியோபேக்கேஜா பண்ணுங்க, ஷேப்ஃபைல் காலம் பேரை பத்து எழுத்துல வெட்டிடும், தமிழ்ல பேர் வச்ச கேச் இருந்தா எழுத்தெல்லாம் கேள்விக்குறியா மாற வாய்ப்பு இருக்கு, ஜியோபேக்கேஜ்ல இந்த ரெண்டு தொல்லையும் வராது.